சொல்லாமல் போன பூனை

மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் நான் மூட்டை தூக்கிய நாட்களில், தள்ளுவண்டிக்காரர் ஒருவரைத் தெரியும். ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். குட்டை உடம்பு, தடித்த கழுத்து. டீக்கடையில் தன் டீக்கான பாலைத் தனியாகக் கேட்டு வாங்கி, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, சினையாய்த் திரிந்த ஒரு தெருப்பூனைக்கு வைப்பார். தனக்குப் பாலில்லாத டீ.

ஒரு காலையில் அந்தப் பூனை அவருடைய வண்டியிலேயே, சாக்குகளின் நடுவில் குட்டி போட்டுவிட்டது. வரிசையில் முதல் வண்டிக்குத்தான் லோடு. அன்று முதல் வண்டி அவருடையது. அதை ஓரங்கட்டிவிட்டு வாழைத்தார்களைத் தலையில் சுமக்க ஆரம்பித்தார்.

"என்ன மாமா, பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்காளா?" என்று மற்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள்.

"ஆமாண்டா. தாய்வீடுன்னு நெனச்சு வந்துருக்குது."

"கூடையில எடுத்து அந்தப் பக்கம் வச்சிடலாமேண்ணா" என்றேன் நான்.

"பச்சை உடம்பு தம்பி. அதுவா எந்திரிச்சுப் போற வரைக்கும் எளுப்பக் கூடாது."

கழுத்து வீங்கியும் சுமந்தார். பிறகொரு மதியம் வண்டி காலியாகக் கிடந்தது. பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு எங்கோ போய்விட்டிருந்தது. நிம்மதிப்படுவார் என்று நினைத்தேன். அவரோ சாக்கைத் தடவிப் பார்த்தபடி, "பொறந்த வீட்டுலிருந்து சொல்லாமப் போலாமா தம்பி?" என்றார். விளையாட்டாகக் கேட்கவில்லை.

பிழைக்கப் போன எந்த ஊரிலிருந்தும் நான் யாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பியதில்லை. மைசூரை விட்ட அன்று மட்டும் மார்க்கெட்டுக்குப் போய், அவர் வண்டியிலிருந்து சுமையை இறக்கும்வரை காத்திருந்து, "போயிட்டு வரேண்ணா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.