வால்வெல்லாம் அடைத்த பிறகும்

விளாங்குடியில் ஒரு மிஷன் பள்ளிக்குப் பெண்கள் விடுதி கட்டினார்கள். அதற்குக் கணினியில் பிம் மாடல், அதாவது கட்டடத்தின் முழு முப்பரிமாண வடிவம், செய்தவள் நான். சுவரைத் தொட்டால் என்ன கல், என்ன கனம் என்று சொல்லும். குழாயைத் தொட்டால் எங்கே வளைகிறது, எந்த வால்வில் அடைபடும் என்று சொல்லும். சிம்மக்கல் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே கட்டடத்தின் குடல்வரை பார்க்கிறேன் என்று நான் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல.

பிள்ளைகள் வர ஒரு வாரம் இருந்தது. மொட்டைமாடித் தொட்டியை நிரப்பினார்கள். மாலையில் நிரப்பினால் காலையில் பாதிதான் இருந்தது. சுவரில் ஈரமில்லை, தரையில் கசிவில்லை. மாடலைத் திறந்து பார்த்தேன். அதில் எல்லாம் ஒழுங்கு. பிளம்பர் அண்ணன் ஒட்டிய இணைப்புதான் எங்கோ சரியில்லை என்று முடிவுகட்டி, விடுதியைக் கவனிக்கும் சிஸ்டரிடமும் சொல்லிவிட்டேன். அப்படியானால் அடுத்த கட்டடத்துக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்றார் அவர்.

"இருவது வருசமா ஒட்டுறேன் மேடம். நான் ஒட்டுன ஜாயின்ட் சொட்டாது" என்றார் அண்ணன். அவர் முகம் கறுத்துவிட்டது.

தொட்டியிலும் குழாய்களிலும் சென்சார் வைத்து மாடலோடு இணைக்கும் வேலை பாக்கி இருந்தது. வீம்புக்கு அதை மறுநாளே முடித்தேன். அப்படி இணைத்த மாடலைத்தான் டிஜிட்டல் ட்வின் என்பார்கள். சிஸ்டருக்குப் பிடிபடவில்லை.

"ரெண்டும் ஒரே படம்தானேம்மா?"

"மாடல் கல்யாண ஆல்பம் மாதிரி, சிஸ்டர். அன்னைக்கு எடுத்ததுதான். இது வீடியோ கால். இப்ப என்ன நடக்குதுன்னு கட்டடமே சொல்லும்."

திரையில் தொட்டியின் அளவு அசைந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை மாதமாக நான் மட்டும் பேசிக்கொண்டிருந்த கட்டடம் பதில் பேசுகிறது! டேப்லெட்டோடு நான் கீழே நின்றேன், அண்ணன் மாடியில்.

"குளியலறை அடச்சாச்சு மேடம்!"

"இறங்குதுண்ணே! அடுத்தது!"

"சமையக்கட்டும் அடச்சாச்சு!"

"இன்னும் இறங்குது!"

மாடலில் இருந்த வால்வு அத்தனையும் அடைத்தாகிவிட்டது. எந்தக் குழாயிலும் ஓட்டமில்லை என்றன சென்சார்கள். ஆனாலும் தொட்டி இறங்கியது. அப்படியென்றால் என் மாடலில் இல்லாத ஒரு வழியாகத் தண்ணீர் போகிறது. கண்டுபிடித்துவிட்டோம் என்று குதிக்கப் போனவள், அது எந்த வழி என்று நினைவு வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

சித்திரை வெயிலில் பின்பக்கச் சுற்றுச்சுவர் வெடித்துவிடாமல் நனைப்பதற்குத் தொட்டியிலிருந்து ஒரு குழாய் இழுத்திருந்தோம். நாலு நாள் குழாய்தானே என்று அதை நான் மாடலில் ஏற்றவில்லை. மண்ணுக்குள் கிடந்த அதைத் தேடிச் சுவரோரம் தோண்டினோம். நுனியில் மாட்டிய மூடி பிளந்து கிடந்தது. மணல் கலந்த அந்த மண் அவ்வளவு தண்ணீரையும் சத்தமில்லாமல் குடித்திருந்தது.

சிஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு அண்ணனிடம் திரும்பினார். "இதுவும் நீங்க போட்டதுதானே?"

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"போடச் சொன்னது நான், சிஸ்டர்" என்றேன். "கழட்டிரவான்னு அண்ணே கேட்டாரு. கெடக்கட்டும், மூடிருங்கன்னு சொன்னதும் நான்தான். அடுத்த கட்டடத்துக்கு ஆள மாத்துறதுன்னா, என்னைய மாத்துங்க."