ஹோலியன்று வாங்கி வைத்த சாவிகள்

அந்த ரோட்டில் நாய் எதுவும் குறுக்கே வரவில்லை. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. தாராவியில் எங்கள் சந்தில் முப்பது வீடு இருக்கும், பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள். அப்பா சந்துமுனையில் மளிகைக் கடை வைத்திருந்தார். என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணன் குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். நான் மாதுங்காவில் பி.காம். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா பதிவு பண்ணிவிட்டுப் பல வருஷம் காத்திருந்து வாங்கிய ஸ்கூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. பேருக்குத்தான் அப்பாவுடையது, ஓட்டுவதெல்லாம் அண்ணன்தான்.

ஹோலியன்று செம்பூரில் இருந்த என் சிநேகிதி வீட்டுக்குப் போய் எகனாமிக்ஸ் நோட்டு வாங்கிவர வேண்டியிருந்தது. பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியாகத் தண்ணீர் பலூன் எறிவார்கள் என்று அம்மா, "அண்ணன்கூட ஸ்கூட்டர்ல போயிட்டு வந்துரு" என்றாள்.

பதினொரு மணிக்கு அண்ணன் வந்தான். முகம் முழுக்கப் பச்சையும் ரோஸும். கண் மட்டும் வேறு மாதிரி சிவந்திருந்தது. ஏதோ பெரிய வேடிக்கை நடக்கிற மாதிரி தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

"பாங்கு குடிச்சியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தண்டாய்தான்ட்டி. பாலும் பாதாமும். ரெண்டு கிளாஸ். ஏறு."

அதில் பாங்கு, அதாவது கஞ்சா இலை, அரைத்துக் கலந்திருக்கிறது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏறாமல் இருந்திருக்கலாம். அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். நோட்டை நினைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். என் பங்கு அது. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தக் கதையில் பாதிதான் உண்மை.

சயான் தாண்டியதும் அண்ணனின் கூட்டாளி இன்னொரு ஸ்கூட்டரில் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டான். அவனும் அதே தண்டாய். இருவரும் வண்டியை இணையாக ஓட்டிக்கொண்டு ஹிந்தியில் எதையோ கத்திச் சிரித்தார்கள். அண்ணன் முகத்தை முழுதாக அவன் பக்கம் திருப்பிவைத்திருந்தான். ரோட்டு வேலைக்காக இடது ஓரத்தில் தார் டிரம்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். "அண்ணே, டிரம்மு" என்றேன். "தெரியுது, தெரியுது" என்றான், முன்னால் பார்க்காமலேயே. அடுத்த நிமிஷம் நான் ரோட்டில் கிடந்தேன். என் வலது காலின் மேல் ஸ்கூட்டர் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் கான்ஸ்டபிள் வந்து கேட்டபோது எனக்கு முன்னால் கூட்டாளி மராத்தியில் பதில் சொன்னான். "குத்ரா ஆலா, சாகேப்." நாய் வந்துவிட்டது ஐயா. கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டார். அவர் போனதும் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அழுதான். முகத்திலிருந்த ரோஸ் கலர் கண்ணீரில் கரைந்து சட்டையில் இறங்கியது.

"நாயின்னே சொல்லிருட்டி. அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டுல வைக்க மாட்டாக. இனிமே தொடவே மாட்டேன். சத்தியமா."

சரி என்றேன். அவன் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. கம்பி வைத்தார்கள். மாவுக்கட்டோடு நான் வீட்டில் கிடந்தபோது பரீட்சை வந்து போயிற்று. எங்கள் வீடுகளில் கக்கூஸ் கிடையாது. சந்தின் கோடியில் பொதுக் கக்கூஸ்தான். தினமும் விடிகிற நேரத்தில் அண்ணன் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு அதுவரை போவான். வரிசையில் நிற்கிற பெண்கள் வழிவிட்டு, அங்கிருந்து என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவார்கள். ஒரு நாள்கூட அவன் முகம் சுளித்ததில்லை. அதனால்தான் அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வந்தாலும் நிற்கவில்லை.

கட்டுப் பிரித்தபோது வலது கால் முக்கால் அங்குலம் குட்டையாகியிருந்தது. கைத்தடி ஊன்றிக்கொண்டு காலேஜுக்குப் போய், எனக்கு ஜூனியராக இருந்தவர்களோடு அதே இரண்டாம் வருஷ வகுப்பில் உட்கார்ந்தேன்.

இதற்குள் அந்த நாய் சந்தில் வளர்ந்துவிட்டது. முதலில் வெறுமனே குறுக்கே வந்த நாய். பிறகு குட்டி போட்ட நாய். அதன்மேல் ஏற்றக் கூடாதென்று அண்ணன் வண்டியை ஒடித்துத் திருப்பினானாம். "ஒரு வாயில்லா ஜீவனைக் காப்பாத்தப் போயி சொந்தத் தங்கச்சி கால் போச்சு, பாவம்" என்று கடைக்கு வருகிறவர்கள் அப்பாவிடம் சொல்வார்கள். அப்பா தலையாட்டுவார். அண்ணன் முதலில் கூசினான். அப்புறம் பழகிவிட்டான். தீபாவளிக்குள் சத்தியமும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பீர் குடித்துவிட்டு ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் வருவான். சின்னப் பையன்கள் கைதட்டுவார்கள்.

அடுத்த ஹோலிக்கு ஒரு வாரம் இருந்தது. சந்துப் பையன்கள் எல்லோரும் வண்டிகளில் ஜூஹு கடற்கரைக்குப் போவதாகத் திட்டம் போட்டார்கள். எங்கள் அடுத்த வீட்டு அத்தையின் மகனுக்குப் பதினெட்டு முடிந்து அப்போதுதான் லைசென்ஸ் வந்திருந்தது. அத்தை சொந்த அத்தை இல்லை. ஆனால் நான் கட்டோடு கிடந்தபோது எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டதெல்லாம் அவள்தான். தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"எம்மவன் மாமா வண்டிய எடுத்துக்கிட்டுப் போறேங்கான். எனக்கு பயமாத்தான் இருந்துச்சு. ஒங்கண்ணன் கூடப் போவுதான்னு கேட்டதும் நிம்மதியாயிட்டு. நாய்க்குக்கூட வண்டிய ஒதுக்குத புள்ளைல்லா அவன்."

என் குடம் நிரம்பி வழிந்ததை நான் கவனிக்கவில்லை. என் ஒரு கால் போனது போகட்டும் என்று நான் மூடிவைத்த பொய்யை நம்பி இன்னொருத்தி தன் பிள்ளையை அனுப்பப் போகிறாள். அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன்.

சாயங்காலம் அண்ணனைத் தனியாகப் பிடித்தேன்.

"அத்தைகிட்ட நடந்ததச் சொல்லு. அந்தப் பயகிட்டயும் சொல்லு."

"ஒரு வருஷம் கழிச்சு எதுக்குட்டி இப்ப?"

"அவன் ஒன்னைப் பாத்துத்தான் ஓட்டுதான். நீ சொல்லு. இல்லைன்னா நான் சொல்லுவேன். ஹோலிக்கு மொத நாள் வரைக்கும் பாப்பேன்."

"சொல்லிக்கோ. ஒன்னை யாரு நம்புவா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அவன் சொல்லவில்லை. ஹோலியன்று காலை ஒன்பது மணிக்குக் கடையிலிருந்து முக்காலி ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ச் சந்தின் வாயில் போட்டு நடுவில் உட்கார்ந்தேன். எங்கள் சந்து இரண்டு ஆள் ஒன்றாக நடந்தாலே தோள் உரசுகிற அகலம். நான் உட்கார்ந்தால் வண்டி போகாது. கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஏழு வண்டி வரிசையாக நின்றது. பாத்திரத்தில் தண்டாய் ஏற்கெனவே பாதி காலி.

"எக்கா, வழிவிடுங்க" என்றான் அத்தை மகன், சிரித்துக்கொண்டே.

"விட மாட்டேன். முதல்ல நான் சொல்லுதத எல்லாரும் கேளுங்க."

சத்தமாகத்தான் சொன்னேன். நாய் இல்லை என்று சொன்னேன். இரண்டு கிளாஸ் தண்டாய் என்று சொன்னேன். முகத்தைத் திருப்பிப் பேசிக்கொண்டே ஓட்டினான் என்று சொன்னேன். தெரிந்தே நானும் ஏறினேன் என்று சொன்னேன். சல்வாரைக் கணுக்காலுக்கு மேலே தூக்கித் தழும்பைக் காட்டினேன். வயசுப் பெண் அப்படிச் செய்யலாமா என்று அப்புறம் ஒரு மாதம் பேசினார்கள். கடைக்குள்ளிருந்து அப்பா வெளியே வந்து நின்றார். அவர் கையில் பருப்பு நிறுக்கிற தட்டு அப்படியே இருந்தது.

"குடிச்சவன் சாவியக் குடுங்க. ஜூஹு போவணும்னா ரயில்ல போங்க. சாயங்காலம் வந்து சாவிய வாங்கிக்கோங்க."

அண்ணனின் கூட்டாளிதான் முதலில் வாயைத் திறந்தான். "ஜானே தே யார், விடுங்கடா. பொம்பளப் புள்ள சொன்னான்னு ஹோலிய விடுவோமா? தங்கச்சி, எந்திரி."

"நீதான போலீஸ்கிட்ட நாயின்னு சொன்ன?" என்றேன். அவன் முகம் தொங்கிப்போயிற்று.

அப்போது அத்தை வீட்டிலிருந்து வேகமாக வந்தாள். மகனிடம் எதையும் கேட்கவில்லை. அவன் வண்டியிலிருந்து சாவியைப் பிடுங்கி என் மடியில் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு வருசமா எங்கிட்ட ஏன்ளா சொல்லல?" என்றாள்.

அவளைப் பார்த்து இன்னும் இரண்டு அம்மாக்கள் வந்தார்கள். சாவிகள் மடியில் விழுந்தன. அண்ணன் கடைசியாக வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் சாவியைத் தரையில் எறிந்துவிட்டு நடந்தே போனான். அவன் என் பக்கம் நிற்பான் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்தேன். நிற்கவில்லை.

கூட்டாளியும் இன்னொருவனும் பின்பக்கச் சந்து வழியாக வண்டியை உருட்டிக்கொண்டு போய் ஜூஹுவுக்குப் போனார்கள். சாயங்காலம் பத்திரமாகத் திரும்பியும் வந்தார்கள். "பாத்தியா, ஒண்ணும் ஆவல" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஹாரன் அடித்துக் கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டேன். அவர்களுக்கு எதுவும் ஆக வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லையே.

வீட்டில்தான் கஷ்டம். அப்பா அண்ணனோடு பேச்சை நிறுத்தினார். என்னோடும் அளவாகத்தான் பேசினார். அவரிடமும் பொய் சொன்னவள்தானே நான். "குடும்பத்து மானத்த நடுச்சந்துல போட்டு ஒடைச்சிட்டியே" என்று அம்மா தட்டில் சோற்றைப் போடும்போதெல்லாம் சொன்னாள். அண்ணன் என்னைக் கண்டால் வெளியே போய்விடுவான். மழைக்காலம் முடிகிற வரை இப்படித்தான் போயிற்று.

ஆனால் குழாயடியில் பேச்சு மாறியிருந்தது. பிள்ளையார் கரைக்கிற நாள் வந்தபோது அத்தையே என்னிடம் கேட்டாள்: "இன்னைக்கும் உக்காருவோமா?" இந்தமுறை சந்தின் வாயில் நான் மட்டும் இல்லை, ஆறு பெண்கள். சாவிகளைப் போட ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. எது யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் கலர் நூல் கட்டினோம். திரும்பக் கேட்டு வருகிறவன் சாக்கடையை மூடியிருந்த கல்வரிசைமேல் கால் பிசகாமல் நடந்து காட்ட வேண்டும். பெண்கள் சுற்றி நின்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே பாதிப்பேர் மறுநாள் காலையில் வந்து வாங்கிக்கொண்டார்கள். துபாயிலிருந்து தன் அண்ணன் கொடுத்தனுப்பிய வாக்மேனைக் காதில் மாட்டிக்கொண்டு ஒருவன் வண்டியைக் கிளப்பினான். பின்னால் ஹாரன் அடித்தது அவனுக்குக் கேட்கவில்லை. "அதையும் வாளியில போடு" என்றேன். குடிக்கவே இல்லையே என்று சண்டை போட்டான். காதை மூடிக்கொண்டு ஓட்டுவதற்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவனுக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று.

அடுத்த ஹோலிக்கு நாங்கள் வாளியோடு உட்கார்ந்தபோது அண்ணன் வந்தான். முகத்தில் கலர் இல்லை. யாரும் கேட்காமலேயே தன் சாவியைப் போட்டுவிட்டு, போகாமல் அங்கேயே நின்றான். பையன்கள் அவனைப் பார்த்தார்கள்.

"ஏலேய், எல்லாவனும் கேளுங்க" என்றான். "அன்னைக்கு அந்த டிரம்ம நான் பாத்தேன். இவ சொல்லுததுக்கு முன்னாலயே பாத்தேன். ரொம்பத் தூரத்துல இருக்குன்னு நெனச்சேன். இன்னும் ரெண்டு வார்த்தை பேசிட்டுத் திருப்பிக்கிடலாம்னு நெனச்சேன். எனக்கு ஒண்ணும் ஏறலன்னுதான் அப்பவும் நெனச்சேன்."

இதை அவன் என்னிடம்கூடச் சொன்னதில்லை. அவன் டிரம்மைப் பார்க்கவே இல்லை என்றுதான் இரண்டு வருஷமாக நான் நினைத்திருந்தேன்.

அப்புறம் என்னைப் பார்த்து, "வெயில்ல உக்காராத, உள்ள தள்ளி உக்காரு" என்றான். எங்களுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டது அவ்வளவுதான். கடை வாசலில் நின்றிருந்த அப்பா உள்ளே போய், ஒன்றுக்கு இரண்டு டீ சொல்லி அனுப்பினார். ஒன்று எனக்கு, ஒன்று அண்ணனுக்கு.

அன்று தூக்குவாளியில் பதினோரு சாவி விழுந்தது. கூட்டாளியின் சாவி அதில் இல்லை. அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தான். நான் தடியை ஊன்றி எழுந்து அவன் முன்சக்கரத்துக்கு நேராகப் போய் நின்றேன். ஹாரன் அடித்தான். எனக்கு அவசரம் எதுவும் இல்லை. அண்ணன் வந்து என் பக்கத்தில் நின்றான். அத்தையும் வந்தாள். என்ஜின் சத்தம் நிற்கிற வரை நாங்கள் மூன்று பேரும் அங்கேயே நின்றோம்.