ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பியில் இரண்டு சங்கங்கள்

சொந்தமாக ஒரு வழங்கியைப் பராமரிக்கும் தொழிலில் ஒரு விசேடம் உண்டு: அது ஒழுங்காக ஓடும் நாள்களில் உங்களை எவரும் நினைப்பதில்லை, அது விழுந்த மறுநிமிடம் உங்கள் தொலைபேசி எண் எல்லோருக்கும் மனப்பாடம். வழங்கி என்பது இணையத்தளங்களைத் தன்னுள் வைத்திருந்து, கேட்பவர்க்கெல்லாம் எடுத்துக் கொடுக்கும் கணினி. நீங்கள் சேர்வர் என்பீர்கள். நான் தமிழில் எழுதும்போது தமிழிலேயே எழுதுபவன்.

இத்தொழிலை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையொன்றின் களஞ்சியத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், மெல்பேர்னின் புறநகரான ரோவிலில் என் வீட்டுப் பின்னறையில், அச்சிட்டுக் கோப்பில் கட்டிய அறுநூறு பக்கக் கையேட்டைத் துணைகொண்டு நானே கற்றேன். சிட்னியில் எங்கோ ஒரு கட்டடத்திலிருந்த பெரிய கணினியின் சிறு துண்டொன்றை வாடகைக்கு எடுத்து, 2010 முதல் 2012 வரை நம்மவர்களின் ஏழு தளங்களை அதில் குடியிருத்தினேன். அத்துண்டின் நினைவகம் மொத்தம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பி, அதாவது மெகாபைட். “நான் செய்து தருகிறேன்” என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லி, ஆயுள் முழுதும் மாட்டிக்கொண்ட சகதுன்பத்தார் யாரேனும் இதை வாசித்தால், அவர்களுக்கே இக்குறிப்புகள் உரியன.

வாசலுக்கு வெளியே உரிமையாளர்

கையேட்டின் நான்காம் அத்தியாயம், முதலில் தீச்சுவரை எழுப்புக என்றது. அந்நியரை மறிக்கும் காவல் அது. நான் எதையும் அரைகுறையாகச் செய்பவன் அல்லன். இருந்த வாசல்கள் அனைத்தையும் அடைத்து, தளங்களைப் பார்க்க வருவோருக்கு மட்டும் ஒன்றைத் திறந்துவிட்டு, கட்டளையைப் பெருமிதத்துடன் அழுத்தினேன். அக்கணமே திரை உறைந்தது. நிர்வகிப்பவன் உள்நுழையும் வாசலை அடைத்துவிடற்க என்ற எச்சரிக்கை ஐந்தாம் அத்தியாயத்தின் முதற் பத்தியில் தடித்த எழுத்தில் இருந்தது.

வாடகைக்குத் தந்த நிறுவனத்தை அழைத்தேன். பேசியவர் தமிழ்நாட்டுக்காரர் என்பது பெயரைச் சொன்னதும் தெரிந்துவிட்டது. என் அனுபவத்தையும் கையேட்டின் பக்க எண்ணிக்கையையும் அவருக்கு எடுத்துரைத்து, உங்கள் இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று முடித்தேன். அவர் சற்று நேரம் தட்டிப் பார்த்துவிட்டு மிகுந்த பணிவுடன் சொன்னார்: “மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல சார். நீங்க போட்ட பூட்டு ரொம்ப நல்லா வேலை செய்யுது.”

விளக்கேற்றும் வரிசை

எங்கள் ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் மெல்பேர்னில் ஆதியில் ஒன்றாகத்தான் இருந்தது. ஆண்டு விழாவில் மங்கள விளக்கின் முதல் திரியை ஏற்ற வேண்டியவர் தலைவரா, வயதில் மூத்த உறுப்பினரா என்ற வினா எழுந்தது. அது மூன்று கூட்டங்களில் விவாதிக்கப்பட்டது. நான்காவது கூட்டம் இரண்டு மண்டபங்களில் நடந்தது. சங்கத்துக்குச் சிவநேசன் தலைவர். பிரிந்து போய் ஒன்றியம் என்று பெயரிட்டுக்கொண்ட மற்றப் பாதிக்குக் குலேந்திரன் தலைவர். இருவரும் என்னிடமே தளம் கேட்டனர். ஒரே இலச்சினை, ஒரே கீதம், ஒரே அதிபரின் படம். வண்ணம் மட்டும் ஒன்றில் நீலம், மற்றதில் பச்சை.

இருவரும் முகப்பில் வருகையாளர் எண்ணிக்கையைக் காட்டும் பெட்டி வேண்டும் என்றனர். நானும் வைத்தேன். என் வாழ்நாளில் நான் வைத்த கண்ணிகளுள் அதுவே பெரியது. அன்றிலிருந்து இருசாராரும் வேலைத்தலத்தில் இருந்தபடியே தத்தம் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து எண்ணிக்கையை ஏற்றினர். வருகின்ற ஒவ்வொருவருக்கும் வழங்கி ஒரு பணியாளை எழுப்புகிறது. ஒரு பணியாள் முப்பது எம்பி நினைவகத்தை உண்கிறான். கணக்கிட்டுப் பார்த்து, ஒரே வேளையில் பன்னிரண்டு பணியாளர்களுக்கு மேல் எழலாகாது என்று வரம்பிட்டேன். பதின்மூன்றாவதாக வருபவர், எந்தத் தளத்துக்கு வந்தவராயினும், வாசலில் காத்து நிற்க வேண்டியதுதான்.

இதைச் சிவநேசனுக்கு வரைபடம் கீறி விளக்கினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அதெல்லாம் சரி அண்ணை, அவைக்கு எத்தினை எம்பி குடுத்தனீங்கள்? எங்களுக்கு அதிலும் ஒரு எம்பி கூடப் போட்டு விடுங்கோ.”

ஏழாவது தளம்

ரவீந்திரனை நான் த பேசின் என்னும் மலையடிவார ஊரின் பிள்ளையார் கோயிலில் கண்டேன். புகலிடம் தேடிப் படகில் வந்தவர், தற்காலிக விசாவில் கரட் பொதி செய்யும் ஆலையொன்றில் வேலை. அவருக்கு வாகனம் இல்லாமையால், அங்கிருந்து அவர் தங்கியிருந்த டண்டினோங் வரை என் காரில் ஏற்றி வந்தேன். ஊரில் அவருடைய தாய் எழும்ப முடியாமல் படுக்கையில் இருந்தார். இந்த விசாவில் வெளியே போனால் திரும்பி வர இயலாது. ஊர் வீட்டில் இணைய வசதி இல்லை. பக்கத்துக் கடைக்காரர் தம் கைத்தொலைபேசியில் தாயைப் படம் எடுத்து அனுப்ப ஆயத்தமாக இருந்தார். முகநூலில் போட்டால் ஊர் முழுதும் பார்த்துக் கருத்துச் சொல்லும், விசாக் காரியம் வேறு முடியவில்லை, ஆகையால் தான் மட்டும் பார்க்கக்கூடிய ஒரு பக்கம் வேண்டும் என்றார்.

ஒரு கடவுச்சொல், நாளுக்கு இரண்டு படம், கீழே அதே கைத்தொலைபேசியில் அவருடைய தங்கை எழுதும் ஓரிரு வரி. அவ்வளவே. வேலை முடிந்து வந்து அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார் என்பது பின்னர் தெரிந்தது. ஏற்கெனவே இடநெருக்கடி என்று நான் அன்று காரில் சற்று இழுத்ததைப் புரிந்துகொண்டு, அவர் மெதுவாகச் சொன்னார்: “அம்மா கனக்க இடம் எடுக்க மாட்டா, அங்கிள்.”

பின் வரிசைப் பெரியவர்

ஒன்றியத்தின் விளையாட்டுப் போட்டி முடிந்த திங்களன்று குலேந்திரன் நானூறு படங்களை ஏற்றினார். ஒவ்வொன்றும் எட்டு எம்பி. அவற்றைச் சுருக்கி அடுக்க முற்பட்ட பணியாளர்கள் ஊதிப் பெருத்தனர். நினைவகம் தீர்ந்ததும் இயங்குதளம் தன்னைக் காத்துக்கொள்ள உள்ளே ஓடும் ஏதாவது ஒன்றைக் கொன்றுவிடும். எங்கள் வழங்கியில் அது எப்போதும் கொல்வது தரவுத்தளத்தை. அஃதின்றி ஏழு தளங்களுள் ஒன்றும் திறவாது. நான் அப்போது பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருந்தேன். சட்டைப்பையில் தொலைபேசி பதினொரு முறை அதிர்ந்தது. பத்து முறை இரு சங்கத்தவர். ஒரு முறை ரவீந்திரன். அன்று தாய்க்கு மூச்சு எடுப்பது கடினமாக இருந்ததென்று தங்கை எழுதியிருந்ததை அவர் மறுநாள்தான் வாசித்தார். அதைப்பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

நினைவகத்தைக் கூட்டலாமே என்பீர்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் இரட்டிப்பாகும் என்று என் மகளும் பலமுறை சொன்னாள். சிறிய இடத்தில் கச்சிதமாகக் கட்டுபவனே வினைஞன் என்று அவளுக்கு நான் விரிவுரை ஆற்றினேன். படங்களைச் சிறிதாக்கி அனுப்புமாறு குலேந்திரனை மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் மனம் வருந்தியே மறுத்தார்: “சின்னனாக்கினா பின்வரிசையிலை நிக்கிற ஆள் நானெண்டு தெரியாதண்ணை.”

சனிக்கிழமை, மூன்று மணி

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை ரவீந்திரனின் தாய் இறந்தார். சனிக்கிழமை அங்கே காலை பத்து மணிக்குக் கிரியை. இங்கே பிற்பகல் மூன்றரை. கடைக்காரர் சில நிமிடங்களுக்கு ஒரு படமாக அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். தன் அறையில் ஆறு பேர் என்பதால் ரவீந்திரன் என் வீட்டுக்கு வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை அணிந்து, பின்னறையில் நான் காட்டிய கதிரையின் நுனியில் அமர்ந்தார்.

நான் மறந்துவிட்ட ஒன்று இருந்தது. சங்கத்தின் இராப்போசன விருந்துக்கு மேசை பதிவதை அன்று மூன்று மணிக்குத் திறப்பதாகச் சிவநேசன் அறிவித்திருந்தார். அதை அறிந்த குலேந்திரன், ஒன்றியத்தின் விருந்துக்கும் அதே நாள் அதே மூன்று மணியைக் குறித்திருந்தார். மூன்றே காலுக்கு ரவீந்திரனின் பக்கம் திறக்கவில்லை. மேடைக்கு அருகிலுள்ள மேசைக்காகப் பன்னிரண்டு பேர் உள்ளே நெரிபட, அவர் பதின்மூன்றாவது ஆளாகத் தாயின் வாசலில் நின்றார்.

வரம்பை இருபதாக உயர்த்தினேன்; தரவுத்தளம் செத்தது. எழுப்பினேன், மறுபடி செத்தது. மகள் சொன்ன பொத்தானின் மேல் அம்புக்குறியை வைத்துப் பார்த்தேன். நினைவகம் மாற்றப்படும்வரை வழங்கி ஏறத்தாழ ஒரு மணி நேரம் முற்றாக நிற்கும் என்று அதன் கீழே எழுதியிருந்தது. அதை அழுத்தியிருக்க வேண்டிய நாள் போன வருடத்திலேயே போய்விட்டது. மூன்று இருபத்தெட்டு. ரவீந்திரன் என் முகத்தைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு கட்டளைகளைத் தட்டினேன். ஒன்று நீலத்தை நிறுத்திற்று. மற்றது பச்சையை நிறுத்திற்று.

தரவுத்தளத்தை மீண்டும் எழுப்பினேன். பக்கம் ஒரு நொடியில் திறந்தது. முற்றத்தில் பந்தல், தாயின் தலைமாட்டில் குத்துவிளக்கு, சடங்குக்காக உரலில் பொற்சுண்ணம் இடிக்கும் கைகள், வாய்க்கரிசி போடும் தங்கை. மகன் நிற்க வேண்டிய இடத்தில் தங்கையின் கணவர் நின்றார். வாசற்படலையைக் கடந்து பாடை போகும் படம் வந்ததும் ரவீந்திரன் எழுந்து நின்றார், நானும் எழுந்தேன். அதன் பின் படம் வரவில்லை. அவர் கதிரையைப் பழையபடி சுவரோடு தள்ளி வைத்துவிட்டு, என் மனைவி கொடுத்த தேநீரைப் பாதி குடித்தார். “போட்டு வாறன் அங்கிள், பின்னேர வேலை இருக்கு” என்றார்.

அதற்குள் தொலைபேசி மேசையை விட்டு நகரும் அளவுக்கு அதிர்ந்திருந்தது. முதலில் சிவநேசன். தளத்தை நான்தான் நிறுத்தினேன் என்று ஒளிக்காமல் சொன்னேன். காரணத்தையும் சொல்ல ஆயத்தப்படுத்தி வைத்திருந்தேன். அவர் காரணம் கேட்கவில்லை. ஒன்றியத்தின் தளம் ஓடுகிறதா என்று மட்டும் கேட்டார். அதுவும் நிற்கிறது என்றதும் மன்னித்துத் தொலைபேசியை வைத்துவிட்டார். குலேந்திரன் அடுத்து அழைத்தார். அவருக்கு முழுவதையும் சொல்லியே தீருவது என்று, கடைக்காரர், தங்கை, படலை வரைக்கும் நிறுத்தாமல் சொன்னேன். மறுமுனையில் அவர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். மனிதர் கலங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

“அண்ணை,” என்றார் இறுதியில், “அவையின்ரையை எங்களுக்கு முதல் நிப்பாட்டினனீங்களோ, பிறகோ?”

அந்த இயந்திரத்தில் பற்றாமல் இருந்தது நினைவகம் மட்டுமே என்று இரண்டு ஆண்டுகள் நம்பி, அறுநூறு பக்கங்களையும் வீணாகப் புரட்டினேன்.