எரிந்த வீட்டு விருந்து

இந்த நாட்டில் மொய்யை உறைக்குள் போட்டு ஒட்டிக் கொடுக்கிறார்கள். எங்கள் பேராவூரணிப் பக்கத்து ஆட்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கல்யாணமாகி மலாக்கா வந்த புதிதில் நாங்கள் குடியேறிய தஞ்சோங் கிளிங்கில் ஒரு கல்யாண விருந்துக்குப் போனோம். சாப்பிட்டு முடித்ததும் என் கணவர் சேகர் ஓர் உறையைப் பெண்ணின் தகப்பனார் கையில் அழுத்தினார். அவர் அதைப் பார்க்காமலே சட்டைப் பைக்குள் விட்டார். அவ்வளவுதான்! நான் மொய் எழுதும் மேசையைத் தேடிக்கொண்டிருந்தேன். "மைக்ல பேர் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒங்க ஊர்ல லா," என்று சிரித்தார் சேகர். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எங்கள் பக்கம் வெளியூர்க்காரர் என்றால் ஊர்ப் பெயரோடு, உள்ளூர்க்காரர் என்றால் "உள்ளூர்" என்று முன்னால் போட்டு, ஒலிபெருக்கியில் ஆள் பெயரைக் கத்துவார்கள். அதைக் கேட்டு நாலு பேர் திரும்பிப் பார்த்தால்தான் விருந்துக்குப் போனதற்கே அர்த்தம். இங்கே எத்தனையோ விருந்துகளுக்குப் போய்ச் சாப்பிட்டேன். ஒருவர் வாயிலும் என் பெயர் வந்ததில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் புகைமூட்டம் வந்ததே, அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் அடுப்படி வாசனை அடிக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிகிறது, நமக்கென்ன என்று இருந்தோம். ஒரு மத்தியானம் மஸ்ஜித் தானா ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர் எஸ்டேட்டில், காய்ந்த லாலாங் புல்லில் தீப்பிடித்தது. காற்று அதைக் கிழட்டு ரப்பர் மரங்களுக்குத் தாவவிட்டு, தொழிலாளர்களின் லயத்து வீடுகள் வரை கொண்டுவந்தது. பலகை வீடுகள், கேட்கவா வேண்டும்? ஜனங்கள் உயிரோடு வெளியே ஓடி வந்ததே பெரிய காரியம். அன்று மாலை கம்பத்து, அதாவது பக்கத்துக் கிராமத்து, மலாய்க்காரர்கள்தான் முதலில் சோற்றுப் பொட்டலங்களோடு வந்தார்களாம். கோயில் மண்டபத்தில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்துக் கிடந்தார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு மேரி அக்கா சர்ச்சில் பாடுகிறவர். அவர் பேசினால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். "வீட்ல ஒக்காந்து டிவி பாத்து என்னா செய்யப்போற செல்வி? வா லா!" என்று என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினார். கையில் வசூலுக்கு ஒரு பால் மாவு டின். பாசாரில் மீன் விற்கிறவரிலிருந்து ஹோட்டல் தோட்டக்காரர் வரை எல்லாரும் முகம் கோணாமல் போட்டார்கள். அதைக் கொடுக்க ஒரு மண்டபத்தில் மேடை போட்டு, குடும்பங்களை வரிசையில் நிற்கவைத்து, போட்டோ பிடிக்க ஆளும் வைத்தார் மேரி அக்கா. முதல் பெயர் லெட்சுமி அக்கா. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர், புருஷன் இல்லை, படிக்கிற வயதில் ஒரு மகள். அவர் மேடைக்கு ஏறவே இல்லை.

"எங்க வீடுதாம்மா எரிஞ்சிச்சு, மானம் எரியல. மேடையில நின்னு கைநீட்ட மாட்டேன். எம் மவளையும் நிக்க வைக்க மாட்டேன்."

அவர் வெளியே நடந்ததைப் பார்த்து மற்றவர்களும் தலை குனிந்தபடி ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். "நல்லது செய்யப் போனா இப்பிடியா?" என்று மேரி அக்கா காரில் உட்கார்ந்து அழுதார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நாள் ஓடிக்கொண்டிருந்தது. வீடு கட்டிக்கொள்ள எஸ்டேட்டில் இடம் காட்டிவிட்டார்கள். மழை பிடிப்பதற்குள் பலகையும் தகரமும் வாங்கிக் கூரை போடாவிட்டால் ஆளுக்கொரு திசையாகச் சிதற வேண்டியதுதான். லெட்சுமி அக்கா சுங்கை ரம்பாயில் அண்ணன் வீட்டுக்குப் போக மூட்டையே கட்டிவிட்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் கீற்று வீடும் ஒரு கோடையில் எரிந்துபோனது. அப்பா யாரிடமும் போய் நிற்கவில்லை. ஆடி மாதம் பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சோறு ஆக்கி, மொய் விருந்து வைத்தார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, "வாங்க வாங்க, சாப்பிடுங்க" என்று வாசலில் நின்று வரவேற்றார். வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டு மொய் வைத்தார்கள். அவர்கள் வீட்டு விருந்தில் அப்பா கூடுதலாகப் போட்டுத் திருப்பினார். வீடு இழந்த மனிதர் அன்று எவ்வளவு நிமிர்ந்து நின்றார் தெரியுமா! அந்த முகத்தை நினைத்துக்கொண்டுதான் லெட்சுமி அக்காவிடம் போனேன்.

"நீங்க வாங்க வேணாங்க்கா. நீங்க சோறு போடுங்க. நாங்க வந்து சாப்புட்டு மொய் வைக்கிறோம். நாளைக்கு எங்க வீட்டு விசேஷத்துல நீங்க திருப்பி வைங்க."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "திருப்பி வைக்கலாமா?"

"வைக்காட்டி சண்டைக்கே வருவோம்."

சிரித்துவிட்டார். எரிந்த அன்று செம்பனைத் தோப்புக்குள் ஓடித் தப்பித்த அவருடைய கோழிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்திருந்தன. "அதுங்கள அடிச்சிடலாம்," என்றார்.

அது போதுமா? மிச்சக் கோழிக்கும் அரிசிக்கும் நான் மஸ்ஜித் தானாவில் தவுக்கே என்று கூப்பிடும் சீன முதலாளியின் கடைக்குப் போனேன். "சியாப்பா காஹ்வின்?" என்றார், யாருக்குக் கல்யாணமென்று. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், கல்யாணம் இல்லை, வீடு எரிந்துவிட்டது என்றேன். "ரூமா தெர்பாக்கார், புவாட் கெண்டூரி?" வீடு எரிந்ததற்கு விருந்தா என்று அவர் வாயைப் பிளந்தார். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். இந்தப் பெண்ணுக்குப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு, பணம் வைத்த சிவப்பு அங்பாவ் உறையோடு வந்து பந்தலில் மணப்பெண்ணைத் தேடினார், பாவம்.

வீடிழந்த குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து பரிமாறின. லெட்சுமி அக்கா வாசலில் நின்றார், பக்கத்தில் அவர் மகள், இரவல் பாவாடையில். மைக் மேரி அக்கா கையில். எல்லாரும் வழக்கம்போல உறையைத் திணிக்கப் பார்த்தார்கள். "ஊரச் சொல்லு, பேரச் சொல்லு லா! தொகை வேணாம்!" என்று அதட்டினார் மேரி அக்கா. முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு தங்கள் பெயர் கேட்டதும் குழந்தைகள் மாதிரி சிரித்தார்கள். என் முறை வந்தபோது வாயைத் திறந்தேன். மேரி அக்கா முந்திக்கொண்டார். "பேராவூரணி செல்வி!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. எத்தனை வருஷத்து ஆசை! ஓடிப்போய் மரத்தடியில் நின்று அழுதேன். நான் சொல்ல வாயெடுத்ததோ எங்கள் தஞ்சோங் கிளிங் என்று.

மழைக்கு முன்பே கூரைகள் ஏறிவிட்டன. லெட்சுமி அக்கா எங்கும் போகவில்லை. என் மகனுக்குக் காது குத்தினோம். முந்தின நாளே இரண்டு கோழியோடு வந்து, வைத்த மொய்க்கு மேல் கூட்டியே வைத்தார். விசேஷத்தன்று காலைதான் ஊரிலிருந்து என் அண்ணன் அனுப்பிய கேசட் வந்திருந்தது. ஊரில் நடந்த ஆடி மொய் விருந்தில் என் பேரில் மொய் வைத்ததைப் பதிந்து அனுப்பியிருந்தான். இரண்டு பேருமாக உட்கார்ந்து கேட்டோம். பாத்திரச் சத்தம், யாரோ தண்ணீர் கேட்கிற குரல், பிறகு மைக்: "மலாக்கா செல்வி!"

"யாரு அது மலாக்காக்காரி?" என்றார் லெட்சுமி அக்கா.

"நான்தாங்க்கா."

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த தடவ மைக்க நான் புடிக்கிறேன். உள்ளூர் செல்வின்னு நான் சொல்றேன், எவ கேக்குறான்னு பாக்குறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை வருஷமாக இந்த மண்ணில் ஏங்கினேன். சந்தோஷத்தில் அவர் கையை இறுக்கிக்கொண்டேன். ஆனால் என் இன்னொரு கை கேசட்டைப் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் எங்காவது ஒரு குரல் குறுக்கிட்டு, மலாக்கா இல்லைடா, உள்ளூர் என்று திருத்தியிருக்காதா என்று மறுபடியும் காதைக் கிட்ட வைத்தேன்.