கொப்பி எழுத்து

சண்டை நின்று, சமாதானம் என்று பாதை திறந்த வருடம் எனக்குப் பத்து வயது. நீர்கொழும்பில் வேலை செய்துகொண்டிருந்த மாமா, பச்சை குத்தும் மெஷின் ஒன்றோடு நாரந்தனைக்குத் திரும்பி வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் கார் பற்றரி ஒன்றைச் சைக்கிள் கரியரில் கட்டி, என்னை முன்பாரில் ஏற்றிக்கொண்டு சாட்டிக் கடற்கரைக்குப் போவார்.

மரத்தில் அவர் தொங்கவிட்ட பலகையில் நங்கூரம், சிலுவை, அம்பு துளைத்த இதயம், தேள் எல்லாம் இருந்தன. முதல் மாதம் குத்திக்கொண்டவர்கள் இரண்டு பேர். பிறகு கனடாவிலிருந்து வந்த ஒருவர், புயத்தைச் சுற்றி முள்ளுமுள்ளான கறுப்பு வளையத்தோடு கடலில் குளித்தார். அடுத்த ஞாயிறு ஆறு பேர் அதையே கேட்டார்கள். மாமா அன்றே தேளை அழித்துவிட்டார். வளையம் ஓய்ந்ததும் சீன எழுத்து வந்தது. நூடில்ஸ் பெட்டியில் இருந்ததைப் பார்த்து எழுதி, ‘வீரம்’ என்று அர்த்தம் சொல்லிக் குத்தினார்.

“சனம் பலகையைப் பாத்து வாறேல்லை. மற்றவன்ர கையைப் பாத்துத்தான் வருது” என்பார்.

ஒருநாள் வேலணையிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். யாழ்ப்பாணம் போய்வருகிறேன் என்று சைக்கிளில் போன அவருடைய மகன் ஆறு வருடமாகத் திரும்பவில்லை. பள்ளிக்கூடக் கொப்பியின் மட்டையில் அவன் எழுதியிருந்த தன் பெயரை, அவன் எழுதியபடியே கையில் குத்தித் தரவேண்டும் என்றார்.

“வடிவான அச்செழுத்திலை குத்திவிடுறன் அக்கா. இது கோணல்மாணலாக் கிடக்கு.”

“எனக்கு வடிவு வேண்டாம் தம்பி. அவன்ர எழுத்துத்தான் வேணும்.”

குத்தி முடியும்வரை அவர் ஊசியைப் பார்க்கவில்லை. கொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்ற பெடியன்களுக்கு அது பிடித்துப்போயிற்று. மாமா கொப்பியை ஒரு கிழமைக்கு இரவல் வாங்கி, எழுத்துகளையெல்லாம் பழகினார். கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பலகையில் ‘கொப்பி எழுத்து’ என்று எழுதித் தொங்கவிட்டார். காதலியின் பெயர், குழந்தையின் பெயர், வள்ளத்தின் பெயர்கூட அந்தக் கோணல் எழுத்தில் ஊரார் கைகளில் ஏறின.

சில மாதம் கழித்து அந்த அம்மா வந்து பலகையை வாசித்தார். மாமாவின் முகம் கறுத்துவிட்டது.

“குறை நினையாதேங்கோ அக்கா. உங்களிட்டைக் கேட்டிருக்க வேணும். இனிக் குத்தமாட்டன்.”

அந்த அம்மா, குளித்துவிட்டு வந்த ஒரு பெடியனின் கையைப் பிடித்து, அதிலிருந்த பெயரை விரலால் தடவினார். “ல-வுக்கு வாலை மேலை சுழிச்சுவிடுவான். சரியா வந்திருக்கு” என்றார். பிறகு மாமாவிடம், “நிப்பாட்டாதையும் தம்பி. குத்தும்” என்றார்.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் வந்தார். கரை நீளத்துக்கு நடந்து, ஆட்களின் கைகளைப் பார்த்துக்கொண்டு போவார். அந்த எழுத்தைக் கண்டால் நின்று பெயரை வாசிப்பார். மாமா பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுப்பார். அவருடைய முகத்தைப் பார்க்கமாட்டார்.

அடுத்த வருடம் வண்ணத்துப்பூச்சி வந்தது. கொப்பி எழுத்தை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு அந்த அம்மா கரை முழுக்க நடந்துவிட்டு வந்து மணலில் இருந்தார்.

“இண்டைக்கு ஒண்டையும் காணேல்லை, தம்பி.”

மாமா சட்டைக் கையை மடித்தார். அத்தனை பேருக்குக் குத்தியும் அவருடைய கையில் அதுவரை ஒரு புள்ளிகூட இருந்ததில்லை. மெஷினை எடுத்து, தன் இடது கையில் கொப்பி எழுத்தில் என் பெயரைக் குத்தினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவுக்கு என்னில்தான் எவ்வளவு விருப்பம்! இரத்தம் கசிந்த அந்தக் கையை அந்த அம்மா மடியில் வைத்து, நேரம்போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரமும் அவர் வாசித்துக்கொண்டிருப்பது என்னுடைய பெயரைத்தான் என்று நினைத்து, நான் பெருமையோடு பக்கத்தில் நின்றேன்.