பானையடியில் குளிர்ந்த மருந்து

திண்டுக்கல்லில் என்னை ஐந்து வருடம் ‘ஊளைப் பாய்’ என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயருக்குக் காரணமான பல் டாக்டரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

நயாபைசா வந்த வருடம். நோன்புப் பெருநாள் கழிந்து கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. பெருநாளுக்கு முன்பு என்பாள் என் மனைவி. அது தவறு, நோன்பு வைத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் போய் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தை.

அவர் வீட்டு முன்னறைதான் ஆஸ்பத்திரி. நாற்காலிக்கு நேர் எதிரே பெஞ்சு; நடுவில் திரை கிடையாது. மரத்துப்போகிற மருந்து வெயிலில் கெட்டுவிடுமென்று, தண்ணீர்ப் பானைக்கு அடியிலிருந்த ஈர மணலில் புட்டியைப் புதைத்து வைத்திருந்தார். அதைச் சில்லென்று எடுத்து, ஊசியில் ஏற்றி, ஒரே அழுத்தாக ஈறுக்குள் செலுத்தினார். ஈறில் ஆணி அடித்துத் திருகியது போலிருந்தது. அலறினேன். தெருவில் போன ஜட்கா நின்றதாகப் பிறகு சொன்னார்கள்.

டாக்டர் பெஞ்சைப் பார்த்துச் சிரித்தார். "ஆட்டுத்தோல் வியாபாரிக்குச் சொந்தத் தோலு இம்புட்டு மெல்லிசா!"

பெஞ்சில் அய்யலூர் ஆட்டுத் தரகன் ஒருவன் இருந்தான். பல்லைக் காட்ட வந்தவன், என் சத்தத்தைக் கேட்டதும் எழுந்து போய்விட்டான். போனவன் சும்மா இருக்கவில்லை. அடுத்த சந்தையிலேயே, "வாங்க ஊளைப் பாய்! இந்தக் கிடா உங்க அளவுக்குக் கத்தாது" என்றான். அதன்பின் நான் விலையை இறுக்கிப் பேசும்போதெல்லாம் கூட்டத்தில் யாராவது ஊளையிடுவார்கள். சிரிப்பில் என் பேரம் படுத்துவிடும்.

நான் வேண்டியது ஒன்றுதான். அந்த டாக்டர் அதேபோல் அலற வேண்டும். அதை அதே தரகன் கேட்க வேண்டும்.

மூன்றாவது பொதுத்தேர்தலின் சுவரெழுத்துகள் வெளிறிக்கொண்டிருந்த சமயம், ஊருக்குப் புதிதாக ஒரு பல் டாக்டரம்மா வந்திருந்தார். "பல்லைப் பிடுங்க அந்தப் பொம்பளை கையில தெம்பு இருக்கா?" என்று கேலி பேசியவர் நம்ம பழைய டாக்டர்தான். ஒருநாள் அவரே வீங்கிய கன்னத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு அந்த அம்மாள் வாசலில் ஜட்காவிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். தன் பல்லைத் தானே பிடுங்க முடியாதே. தரகன் அப்போது என் தோல் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, வா. ஒரு ஊளை கேட்டுட்டு வரலாம்."

அங்கே திரை இருந்தது. பெஞ்சில் மற்ற நோயாளிகளோடு உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டோம்.

"கையில என்னம்மா பொத்தி வச்சிருக்க?" என்றார் டாக்டர்.

"மருந்துப் புட்டிங்க ஐயா. செத்த நேரம் உள்ளங்கைச் சூட்டுல இருக்கட்டும். சில்லுன்னு உள்ள போனா வலிக்கும். வேகமா ஏத்துனாலும் வலிக்கும். ஊசி தெரியாம இருக்கக் கன்னத்தைப் பிடிச்சு ஆட்டுவேன், பயப்படாதீங்க."

அப்புறம் வெகுநேரம் சத்தமே இல்லை. அலறுடா, அலறு என்று மனம் அடித்துக்கொண்டது.

"எப்பம்மா ஊசி போடுவ?"

"போட்டாச்சுங்க ஐயா."

தரகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "என்ன பாய், அவரு கத்தவே இல்லையே!"

ஒரு கணம் அவமானமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, அலறலைவிடப் பெரியது கையில் கிடைத்திருக்கிறதென்று.

"நல்லாக் கேட்டுக்க. சூடு பண்ணி மெதுவாப் போட்டா யாரும் கத்த மாட்டாங்க. அன்னைக்கு என்னைக் கத்த வச்சது என் தோலு இல்ல, மருந்தைச் சில்லுன்னு ஆக்குன அவரு பானை!"

பெஞ்சே சிரித்தது. "அப்போ அவருதான் பானை டாக்டரா?" என்றான் தரகன். அந்த வாரமே சந்தை முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது.

டாக்டர் வெளியே வந்தார். பஞ்சைக் கடித்திருந்தார், உதடு ஒரு பக்கமாகத் தொங்கி எச்சில் வழிந்தது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல முயன்றார். குழறல்தான் வந்தது.

ஜட்கா வரை மிகுந்த மரியாதையோடு கூடவே நடந்தேன். உதட்டின் மரப்புத் தெளிய நேரமாகும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். அது தெளிவதற்குள், ஐந்து வருடமாகச் சொல்லக் காத்திருந்த அத்தனையையும் அவர் முகத்துக்கு நேரே சொல்லி முடித்தேன்.