கோணல் வாய்ப் பெயர்

தன் சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையைப் படித்துவிட்டுப் பேருந்துப் படியிலேயே நின்றுவிடுகிறவர்களை ஓட்டுநர் காம்பெல் மக்டொனால்டு அவசரப்படுத்துவதில்லை. "ரெண்டும் ஒரே ஆளாய்யா?" என்று கேட்கும்வரை பொறுத்திருப்பார். பிறகு வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, "தைரியமா ஏறுங்க. நாங்க விருந்தாளியா வந்தாத்தான் ஆபத்து," என்பார்.

கிளென்கோப் பள்ளத்தாக்கில் இதற்கு விளக்கம் தேவையில்லை. முந்நூறு வருடங்களுக்கு முன் காம்பெல் குலத்தான் ஒருவன் தலைமையில் வந்த படை, மக்டொனால்டு குலத்தவரின் வீடுகளில் பல நாள் தின்று குடித்துவிட்டு, ஒரு விடியலில் அவர்களையே வெட்டிப்போட்டது. உண்ட வீட்டுக்கு இரண்டகம். அந்தப் பெயரைத்தான் மக்டொனால்டு வீட்டுப் பிள்ளைக்கு முதல் பெயராக வைத்தாள், காம்பெல் குலத்தில் பிறந்த அவர் அம்மா. ஊரெங்கும் காம்பெல்கள் மலிந்துகிடந்தாலும் அவள் பிறந்த வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. குடும்பப் பெயர் தன்னோடு நின்றுவிடக் கூடாதென்று, இங்குள்ள பெண்கள் செய்வதுபோல், மகன் தலையில் கட்டிவிட்டாள். அப்பாவைப் பெற்ற கிழவர் சாகும்வரை அவரை "டேய்" என்றுதான் கூப்பிட்டார்.

அடுத்தவன் கேலி செய்யுமுன் தானே முந்திக்கொள்வதென்று பத்து வயதிலேயே முடிவெடுத்தவர் காம்பெல். பழைய கேலிக் மொழியில் (கேலியில்லை, மொழியின் பெயரே அதுதான்) 'காம்' என்றால் கோணல், 'பெல்' என்றால் வாய். "ஆளப் பாத்துத்தான் வச்சிருக்காங்க," என்பார். மகள் கிர்ஸ்டீனிடம், "இந்தச் சனியன் புடிச்ச பேரு என்னோட போகட்டும்மா," என்று சொல்லாத வருடமில்லை.

போன மாதம் கிர்ஸ்டீனுக்கு ஆண்குழந்தை பிறந்தது. காம்பெல் குளித்து, டை கட்டி, சட்டைப்பையில் ஒரு குட்டி வெள்ளிக் கரண்டியோடு பார்க்கப் போனார். அதன் காம்பில் தன் முதல் பெயரைப் பொறித்து வாங்கியிருந்தார். வாய் ஆயிரம் சொல்லும், பெற்ற பெண்ணுக்குத் தெரியாதா என்று நம்பியிருந்தார், பாவம்.

"பேரு பதிஞ்சாச்சாம்மா?"

"காலையிலயே பதிஞ்சாச்சுப்பா. இன்னிஸ். அவரோட அம்மா வீட்டுப் பேரு."

"ம்."

"உங்க பேரத்தான் வைக்கணும்னு ஆசையா இருந்துச்சு. நீங்கதானேப்பா வேண்டாம் வேண்டாம்னீங்க."

"பின்ன? புள்ள பொழைச்சான்," என்று வழக்கம்போல வாயைக் கோணினார். கோணிய வாயைத் திரும்ப நேராக்க முடியவில்லை. சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டு, குழந்தையின் மேல் குனிந்தார்.